பழமை வேறு, அருமை வேறு: அமெரிக்க ஒரு சத நாணயங்கள் பற்றிய வாசகர் கேள்விகள்

அமெரிக்காவின் ஒரு சத நாணயம் புழக்கத்துக்காக அடிக்கப்படுவது 2025 நவம்பர் 12 ஆம் திகதி பிலடெல்பியா நாணயச்சாலையில் முடிவுக்கு வந்தது. அந்தச் செய்தி வெளியானதிலிருந்து, ‘எங்கள் வீட்டிலும் ஒன்று கிடக்கிறது, இதற்கு என்ன பெறுமதி?’ என்று கேட்டு எழுதப்பட்ட கடிதங்கள் மலையகத்தின் பல ஊர்களிலிருந்தும் வந்தவண்ணம் உள்ளன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருப்பதால் சிலவற்றை மட்டும் எடுத்துக்கொண்டிருக்கிறேன். பெயரை வெளியிட வேண்டாம் என்று சிலர் கேட்டுக்கொண்டமையால், எல்லோருக்கும் ஊரை மட்டுமே குறிப்பிடுகிறேன்.

கேள்வி: ஐயா, காலஞ்சென்ற என் தகப்பனாரின் தகரப் பெட்டியில், பழைய சம்பளச் சீட்டுகளுக்கு நடுவே செம்பு நிற நாணயம் ஒன்று கிடைத்தது. ஒரு பக்கத்தில் தாடி வைத்த மனிதர், மறுபக்கத்தில் இரண்டு நெற்கதிர்கள், ஆண்டு 1944. இதற்கு இருபது இலட்சம் ரூபா கிடைக்கும் என்று யூரியூப்பில் ஒருவர் சொல்கிறார். உண்மையா? (ஹட்டன்)

பதில்: அவை நெற்கதிர்கள் அல்ல, கோதுமைக் கதிர்கள். தாடி வைத்தவர் ஆபிரகாம் லிங்கன். அவர் பிறந்து நூறாண்டு நிறைந்ததையொட்டி விக்டர் டேவிட் பிரென்னர் என்னும் சிற்பி வடித்த இந்த உருவம் 1909 இல் நாணயத்தில் ஏறியது. அன்று முதல் 1958 வரை பின்பக்கத்தில் கோதுமைக் கதிர்களும், 1959 முதல் 2008 வரை தூண்கள் கொண்ட லிங்கன் நினைவு மண்டபமும், 2009 இல் மட்டும் லிங்கனின் வாழ்க்கையைச் சொல்லும் நான்கு வெவ்வேறு காட்சிகளும், 2010 முதல் ஒரு கேடயமும் இடம்பெற்றன. ஆகவே பின்பக்கத்தைப் பார்த்த மாத்திரத்தில் காலத்தைச் சொல்லிவிடலாம்.

அடுத்து, ஆண்டு எண்ணுக்கு நேர்கீழே ஏதாவது எழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். டி என்றால் டென்வர், எஸ் என்றால் சான் பிரான்சிஸ்கோ, எழுத்தே இல்லையென்றால் பெரும்பாலும் பிலடெல்பியா. ஆண்டும் இந்த எழுத்தும் சேர்ந்துதான் ஒரு நாணயத்தின் முகவரி. தங்கள் நாணயத்தில் எழுத்து இல்லை என்று படத்திலிருந்து தெரிகிறது. பிலடெல்பியாவில் 1944 இல் மட்டும் 140 கோடிக்கும் அதிகமான ஒரு சத நாணயங்கள் அடிக்கப்பட்டன. போர்க்காலத்தில் பயன்படுத்திய தோட்டாக் கூடுகளின் பித்தளையும் அவற்றில் கலந்திருக்கிறது என்பது சுவையான செய்தி. ஆனால் அது விலையை ஏற்றும் செய்தி அல்ல. தேய்ந்த நிலையில் உள்ள இந்த நாணயத்தை விற்றால் வரும் பணம் ஹட்டன் பஸ் நிலையத்தில் ஒரு பிளேன்டீ குடிக்கக்கூடப் போதாது.

எண்பது ஆண்டுகள் பழையதாயிற்றே என்று தாங்கள் கேட்கலாம். பழமை வேறு, அருமை வேறு. லயத்துக்கு லயம் பாட்டன் காலத்துக் கவ்வாத்துக் கத்தி ஒன்று கூரை இடுக்கில் செருகிக் கிடக்கிறது. அது பழையது என்பதற்காக எவரும் அதை ஏலம் கேட்பதில்லை. எத்தனை அடிக்கப்பட்டன, எத்தனை மிஞ்சின, அவற்றை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்பனவே விலையைத் தீர்மானிக்கின்றன. இருபது இலட்சம் என்று சொன்னவர் எதை மனத்தில் வைத்துச் சொன்னார் என்பது அடுத்த கடிதத்தால் விளங்கும்.

கேள்வி: 1943 ஆம் ஆண்டுச் செம்பு நிற நாணயம் ஒன்றை ஐம்பதாயிரம் ரூபாவுக்குத் தருவதாக எனக்குத் தெரிந்த ஒருவர் சொல்கிறார். அமெரிக்காவில் இது கோடிக்கணக்கில் விலைபோகிறதாம். வாங்கலாமா? (பண்டாரவளை)

பதில்: ஒரு காந்தம் கையில் இல்லாமல் ஒரு சதமும் கொடுக்காதீர்கள். பழுதடைந்த ஒலிபெருக்கியிலிருந்து கழற்றிய காந்தமே போதும்.

1943 இல் செம்பு போர்த்தளபாடங்களுக்குத் தேவைப்பட்டதால், அந்த ஓராண்டு மட்டும் ஒரு சத நாணயங்களை நாகப் (துத்தநாகப்) பூச்சிட்ட உருக்கில் அடித்தார்கள். மூன்று நாணயச்சாலைகளிலுமாக நூறு கோடிக்கும் மேற்பட்டவை வெளிவந்தன. வெள்ளி போலச் சாம்பல் நிறத்தில் இருக்கும் அவை காந்தத்தில் ஒட்டும். நமது ஈரக் காற்றில் விரைவாகத் துருவும் ஏறும். தேய்ந்தவற்றுக்குச் சில பத்து அமெரிக்கச் சதங்களுக்கு மேல் விலை இல்லை. ஆனால் முந்தைய ஆண்டின் வெண்கலத் தகடுகள் சில இயந்திரத்தில் தங்கியிருந்து, தவறுதலாக 1943 இன் அச்சில் அகப்பட்டுக்கொண்டன. அவ்வாறு பிறந்தவை விரல்விட்டு எண்ணி, இன்னும் சில விரல்களைக் கடன் வாங்கினால் அடங்கிவிடும் அளவினவே. டென்வரில் அடிக்கப்பட்ட ஒன்று 2010 இல் 17 இலட்சம் டொலருக்குக் கைமாறியது. கோடிக் கதை அங்கிருந்துதான் புறப்படுகிறது. மறு ஆண்டில் இதே தவறு தலைகீழாக நிகழ்ந்து, உருக்குத் தகடுகளில் அடிபட்ட 1944 நாணயங்கள் சிலவும் அரியவை. ஹட்டன் வாசகரின் யூரியூப் நண்பர் அதைத்தான் எல்லா 1944 நாணயங்களுக்கும் பொருத்திவிட்டார் போலும்.

இனித் தங்கள் நாணயத்துக்கு வருவோம். காந்தத்தில் ஒட்டினால், அது உருக்கு நாணயத்துக்குச் செம்பு முலாம் பூசியது. பேச்சு அத்துடன் முடிந்தது. ஒட்டாவிட்டால் நகைக்கடைத் தராசில் நிறுத்துப் பாருங்கள். உருக்கு நாணயம் 2.70 கிராம், வெண்கல நாணயம் 3.11 கிராம். நிறையும் சரியாக இருந்தால், உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்துக் கடைசி எண்ணை மட்டும் பாருங்கள், வேறெதையும் பார்க்க வேண்டாம். 1948 ஆம் ஆண்டு நாணயத்தில் 8 இன் இடப்பக்கத்தைச் சீவிவிட்டால் 3 போல ஒன்று கிடைக்கும். மோசடிக்காரர்களின் மிகப் பழைய கைவேலை இது. உண்மையான 1943 இன் 3, தன் வாலை மற்ற எண்களுக்குக் கீழே நீளமாக இறக்கிவிட்டிருக்கும். 8 இலிருந்து செதுக்கப்பட்ட 3 மற்ற எண்களோடு ஒரே வரியில் அடக்கமாக நிற்கும். அதன் இடப்பக்கத்து வெற்றிடத்தில் உலோகம் சுரண்டப்பட்ட வடு வெளிச்சத்தைச் சாய்த்துப் பிடித்தால் தெரியும். இவை எல்லாவற்றையும் தாண்டி நின்றாலும் அது உண்மையென்று ஆகிவிடாது. நிபுணர் பார்க்க வேண்டும் என்ற நிலைக்கு வந்திருக்கிறது, அவ்வளவே.

கோடி பெறும் பொருளை ஐம்பதாயிரத்துக்குத் தர முன்வருபவர் மீது எனக்கு இருக்கும் மரியாதை குறைவானது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

கேள்வி: என்னிடமுள்ள 1897 ஆம் ஆண்டு நாணயத்தை இணையத்தில் ‘இந்தியத் தலை’ என்று குறிப்பிட்டிருக்கிறார்கள். எங்கள் கொள்ளுப்பாட்டனார் திருச்சிப் பக்கத்திலிருந்து கோப்பித் தோட்டத்துக்கு வந்தவர். அவர் கொண்டுவந்த இந்திய நாணயமாக இருக்குமோ? (பதுளை)

பதில்: இல்லை, சகோதரி. இறகுக் கிரீடம் அணிந்த அந்தத் தலை அமெரிக்கத் தொல்குடியினரின் அணியைச் சூடிய சுதந்திரத் தேவியினுடையது. இந்தியாவைத் தேடிப் போய் வேறு கரையில் இறங்கிய கொலம்பஸின் தவறு அந்த மக்களின் பெயரில் ஒட்டிக்கொண்டு, பின்னர் நாணயத்தின் பெயரிலும் ஏறிவிட்டது. பிறந்த நாடு ஒன்றாகவும் பதிவேட்டில் எழுதப்படும் பெயர் வேறாகவும் இருப்பது மலையகத்தாருக்குப் புதிய அனுபவம் அல்லவே.

ஜேம்ஸ் லோங்ஏக்கர் வடித்த இந்த நாணயம் 1859 முதல் 1909 வரை அடிக்கப்பட்டது. 1864 இன் தொடக்கம் வரையிலானவை செம்பும் நிக்கலும் கலந்தவை; வெளிறிய நிறம், தடிப்பான உடல், 4.67 கிராம் நிறை. அதன்பின் வந்தவை 3.11 கிராம் வெண்கலம். தங்களுடையது இரண்டாம் வகை.

நிலையைக் கணிக்க ஓர் எளிய வழி உண்டு. இறகுகளுக்குக் கீழே நெற்றியைச் சுற்றிய பட்டியில் ‘லிபர்ட்டி’ என்று ஆங்கிலத்தில் ஏழு எழுத்துகள் பொறிக்கப்பட்டிருக்கும். கை மாறிக் கை மாறித் தேயும்போது முதலில் அழிவது அந்தப் பட்டிதான். ஓர் எழுத்தும் தெரியாவிட்டால் மிகவும் தேய்ந்தது. மூன்று எழுத்துகள் தெரிந்தால் சற்று மேல். ஏழும் வாசிக்கக்கூடியதாக இருந்தால் சேகரிப்பாளர்கள் நன்று என்று ஏற்றுக்கொள்ளும் நிலை. தங்கள் படத்தில் நான்கு எழுத்துகளை என்னால் வாசிக்க முடிகிறது. 1897 பெருந்தொகையாக அடிக்கப்பட்ட ஆண்டு என்பதால் இரண்டு மூன்று டொலர் என்று கொள்ளுங்கள். இதே நிலையில் ஆண்டு 1877 ஆக இருந்திருந்தால் பல நூறு டொலர் ஆகியிருக்கும். ஏனெனில் அவ்வாண்டில் அடிக்கப்பட்டவை 852,500 மட்டுமே. பின்பக்கத்து மாலைக்குக் கீழே எஸ் எழுத்துக் கொண்ட 1909 ஆம் ஆண்டு நாணயங்கள் அதனினும் குறைவு, 309,000.

கேள்வி: ஐயா, என்னிடமுள்ள எட்டு நாணயங்கள் கறுத்தும் பச்சை பிடித்தும் இருக்கின்றன. குத்துவிளக்கு விளக்குவதுபோலப் புளி போட்டுத் துலக்கலாமா? (நுவரெலியா)

பதில்: தயவுசெய்து வேண்டாம். இந்தக் கேள்விக்குச் சற்று விரிவாகப் பதில் சொல்வதற்குக் காரணம், அந்தப் பாவத்தை நானே செய்திருக்கிறேன்.

எனக்குப் பதினேழு வயதிருக்கும்போது, எங்கள் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை ஒருவர் 1909 ஆம் ஆண்டு லிங்கன் நாணயம் ஒன்றை எனக்குத் தந்தார். அதன் பின்பக்கத்தில், கதிர்களின் அடிக்காம்புகளுக்கு நடுவே, பிரென்னருடைய பெயரின் வி, டி, பி என்ற மூன்று முதலெழுத்துகளும் பொடிப்பொடியாக இருந்தன. எழுத்துகள் பெரிதாக இருக்கின்றன என்ற கண்டனம் எழுந்ததால் சில நாட்களிலேயே அவற்றை அகற்றிவிட்டார்கள்; 1918 இல்தான் லிங்கனின் தோள் விளிம்பில் சிறிதாகத் திரும்பி வந்தன. இவை எவையும் அப்போது எனக்குத் தெரியாது. நாணயம் கருஞ்சிவப்பாக இருப்பதைக் கண்டு, புளியையும் அடுப்புச் சாம்பலையும் தேங்காய் மட்டையில் எடுத்து, கார்த்திகை விளக்கைப் போலப் பளபளக்கும் வரை தேய்த்தேன். பல வருடங்களுக்குப் பிறகு கொழும்பில் நாணய வியாபாரி ஒருவர் அதைக் கண்ணாடியின் கீழ் ஒரு கணம் பார்த்துவிட்டு, ‘தம்பி, இதை யார் குளிப்பாட்டியது?’ என்று கேட்டார். இருபது டொலராவது பெறக்கூடியதாக இருந்த நாணயத்துக்கு அவர் இரண்டு டொலர் சொன்னார். நான் விற்கவில்லை, இன்றும் வைத்திருக்கிறேன்.

செம்பின் மேல் காலப்போக்கில் படியும் கருமை அழுக்கு அல்ல, அந்த உலோகத்தின் தோல். புளி அந்தத் தோலை உரித்துவிடும். சாம்பலும் மட்டையும் மயிரிழைக் கோடுகளைக் கீறிவிடும். அதன்பின் வரும் இளஞ்சிவப்பு எந்த நாணயச்சாலையிலும் பிறந்த நிறமல்ல என்பதைப் பழகிய கண் உடனே கண்டுகொள்ளும். சேகரிப்பாளர்கள் செம்பு நாணயங்களைச் சிவப்பு, செங்கபிலம், கபிலம் என்று மூன்றாகப் பிரித்து விலை சொல்கிறார்கள். அடித்த அன்றைய சிவப்பு மாறாதவற்றுக்கே மிகக் கூடிய விலை. இழந்த சிவப்பைத் தேய்த்து மீட்க முடியாது.

பச்சையில் இரண்டு வகை உண்டு. கட்டியாகப் பிடித்த களிம்பு உலோகத்தையே தின்றுவிட்டிருக்கும். அதைச் சுரண்டினால் அடியில் குழிதான் மிஞ்சும். மற்றொன்று, மிருதுவான பிளாஸ்டிக் உறைகளில் நாணயங்களை வைப்பதால் அந்தப் பிளாஸ்டிக் கசிந்து படியும் பசைப் பச்சை. தாங்கள் அனுப்பிய படத்தில் ஐந்து நாணயங்களில் இருப்பது இந்த இரண்டாவது வகைதான் என்று தோன்றுகிறது, ஏனெனில் மேடான பகுதிகளில் ஈரம் போல மின்னுகிறது. கலப்பில்லாத அசிற்றோனில் சற்று நேரம் அமிழ்த்தி, தேய்க்காமல் எடுத்து உலரவிட்டால் அது போய்விடும். நகப்பூச்சு அகற்றும் திரவத்தில் எண்ணெயும் வாசனையும் கலந்திருப்பதால் அதைப் பயன்படுத்த வேண்டாம். அசிற்றோன் எளிதில் தீப்பற்றும் என்பதால் அடுப்புள்ள குசினியில் இந்த வேலையைச் செய்யவும் வேண்டாம்.

நுவரெலியாவில் அலுமாரிக்குள் இருக்கும் சப்பாத்துக்கே பூஞ்சணம் பிடிக்கிறது, செம்பு எம்மாத்திரம்? ஒவ்வொரு நாணயத்தையும் தனித்தனிக் கடதாசி உறையில் இட்டு, மூடி இறுகிய டப்பாவில் வையுங்கள். புதிய சப்பாத்துப் பெட்டிகளில் வரும் ஈரமுறிஞ்சும் சிறு பொட்டலங்களை எறியாமல் அதற்குள் போட்டு, அவ்வப்போது மாற்றுங்கள். நாணயத்தை எப்போதும் விளிம்பில் பிடியுங்கள். விரல் ரேகை செம்பில் பதிந்தால் பிறகு போகாது.

கேள்வி: ‘ஒன் சென்ட்’ என்று எழுதப்பட்ட, ஒரு மரமும் முடி சூடிய அரசரும் உள்ள நாணயம் அமெரிக்க நாணயமா? (தலவாக்கலை)

பதில்: அரசர் இருந்தால் அமெரிக்கா அல்ல. தங்களுடையது இலங்கையின் ஒரு சதம். 1870 ஆம் ஆண்டுப் பொறிப்புடன் விக்டோரியா அரசியின் காலத்தில் தொடங்கி, ஆறாம் ஜோர்ஜின் காலம் வரை பனையினத்து மரத்துடன் வெளிவந்த வரிசை அது. மரத்தின் இரு பக்கங்களிலும் சிங்களமும் தமிழும் இருப்பதைக் கவனித்தீர்களா? அமெரிக்க நாணயத்தில் தமிழ் எழுத்து எப்படி வரும்?

கேள்வி: 1955 ஆம் ஆண்டு நாணயத்தில் எண் இரட்டையாகத் தெரிந்தால் ஆயிரம் டொலருக்கு மேல் என்று வாசித்தேன். என் நாணயத்தில் கடைசி 5 இரட்டையாக இருக்கிறது. (மஸ்கெலியா)

பதில்: தாங்கள் வாசித்தது சரி, தங்கள் நாணயம் வேறு. நாணயத்தை அடிக்கும் அச்சு, மூல உருவத்தால் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அழுத்தப்பட்டே உருவாக்கப்பட்டது. 1955 இல் ஓர் அச்சு, இரண்டாம் அழுத்தத்தின்போது சற்றே திரும்பிவிட்டது. அதனால் அந்த அச்சில் பிறந்த ஒவ்வொரு நாணயத்திலும் ஆண்டின் நான்கு எண்களும், தலைக்கு மேலுள்ள வாசகமும், ‘லிபர்ட்டி’ என்ற சொல்லும் கண்ணாடியே தேவைப்படாத அளவுக்கு இரட்டித்து நிற்கின்றன. லிங்கனின் முகம் மட்டும் ஏறக்குறைய ஒற்றையாகவே இருக்கும். இருபதினாயிரத்துக்கும் மேற்பட்டவை மற்ற நாணயங்களோடு கலந்து வெளியே போய்விட்டன. அவற்றுட் பல, தானியங்கி இயந்திரங்களில் விற்ற சிகரெட் பொதிகளுக்குள் மீதிச் சில்லறையாக மக்களிடம் சென்றதாகச் சொல்வார்கள்.

கடைசி 5 மட்டும் இரட்டிப்பது தேய்ந்துபோன அச்சின் வேலை. சேகரிப்பாளர்கள் அதை ‘ஏழையின் இரட்டை’ என்று கேலியாக அழைப்பார்கள். விலையும் பெயருக்கு ஏற்றதே. இரண்டையும் பிரித்தறிய, இரட்டிப்பின் உயரத்தைப் பாருங்கள். உண்மையானதில் இரண்டு உருவங்களும் உருண்டு திரண்டு, எழுத்தின் முனைகளில் பிளவு தெரிய நிற்கும். போலியான இரட்டிப்பில் இரண்டாவது உருவம் படிக்கட்டுப் போலத் தட்டையாகப் பக்கத்தில் ஒட்டிக்கிடக்கும்.

கேள்வி: முச்சக்கர வண்டி ஓட்டும் என்னிடம் வெளிநாட்டுப் பயணிகள் தந்த அமெரிக்கச் சதங்கள் ஒரு போத்தல் நிறைய இருக்கின்றன. வங்கியில் மாற்றலாமா? (எல்ல)

பதில்: வெளிநாட்டுச் சில்லறை நாணயங்களை நமது வங்கிகள் பொதுவாக வாங்குவதில்லை. அமெரிக்காவுக்குத் திரும்பும் பயணி ஒருவரிடம் கொடுத்து ரூபாவாக வாங்கிக்கொள்வதே நடைமுறைக்கு ஏற்றது; அடிப்பதை நிறுத்திவிட்டாலும் அங்கே அவை இன்னும் செல்லும். அதற்கு முன் கோதுமைக் கதிர் உள்ளவற்றைப் பிரித்தெடுங்கள். மகனுக்குப் பொழுதுபோக வேண்டுமானால் 1982 ஆம் ஆண்டு நாணயங்களை நிறுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். அவ்வாண்டின் நடுவில்தான் 3.11 கிராம் செம்புக் கலவை போய், செம்பு முலாமிட்ட 2.5 கிராம் நாகம் வந்தது. செம்பு விலை ஏறி, செலவு தாங்காமல் செய்த மாற்றம் அது. 1857 இல் பழைய பெரிய செம்புச் சதத்தை நிறுத்தியதும் அதே கணக்கில்தான். ஒன்றை அடிக்க 3.69 சதம் செலவானதாக 2024 நிதியாண்டில் காட்டிய கணக்கே இப்போது முற்றாக நிறுத்தவும் வைத்தது.

கேள்வி: லிங்கன் நாணயங்களில் எந்த ஆண்டுகளைத் தேட வேண்டும்? அமெரிக்காவுக்கு அனுப்பித் தரச்சான்று பெறுவது பயன் தருமா? (கம்பளை)

பதில்: 1909 இல் எஸ் எழுத்தும் வி, டி, பி எழுத்துகளும் ஒருங்கே கொண்டது (484,000 மட்டுமே அடிக்கப்பட்டது); 1914 இல் டி; 1922 இல் எழுத்தே தெரியாதது (அவ்வாண்டு டென்வரில் மட்டுமே அடித்தார்கள், எழுத்து இல்லையென்றால் அச்சு தேய்ந்தோ அடைபட்டோ போனதென்று பொருள்); 1931 இல் எஸ். இவற்றைத் தவிர மற்றவற்றுக்குச் சான்று பெறச் செலவழிப்பது பெரும்பாலும் நட்டம். சான்று வழங்கும் நிறுவனங்கள், 1949 இல் வில்லியம் ஷெல்டன் என்பவர் பழைய பெரிய சதங்களுக்காக வகுத்த 1 முதல் 70 வரையான அளவுகோலில் புள்ளி இடுகின்றன. அதற்கான கட்டணமும் காப்புறுதியுடன் கூடிய தபாற் செலவும் சேர்ந்தால், இருபது டொலர் நாணயம் தன் விலையைப்போல் மூன்று மடங்கைத் தின்றுவிடும்.

தாங்கள் விலைபேசி வைத்திருப்பதாக எழுதியுள்ள 1914 டி நாணயத்தின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். 19 க்கும் 14 க்கும் இடையில் வழக்கத்துக்கு மாறாக இடைவெளி அகன்றிருக்கிறது. 1944 டி நாணயத்தில் முதல் 4 ஐச் சீவி 1 ஆக்கினால் இந்த இடைவெளி தோன்றும். லிங்கனின் தோள் விளிம்பில் மிகச் சிறிய மூன்று எழுத்துகளும் தெரிகின்றன. அவை 1918 இல்தான் தோளுக்கு வந்தன என்பதை நுவரெலியா வாசகருக்கு எழுதிய பதிலிலேயே சொல்லிவிட்டேன். முற்பணம் கொடுத்திருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள்.